காவலுக்கு வந்த பெட்டி

பெட்டி என்று எல்லோரும் சொன்னார்களே தவிர, அதில் ஒரு மூலைகூட இல்லை. சோள பீர் ஊற்றி வைக்கும் பானையைக் கவிழ்த்த மாதிரி உருண்டையாக இருந்தது. மேலே சாம்பல் நிறத் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மலுங்கிசா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். வாய் எங்கே இருக்கிறது, காது எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. முகம் காட்டாமல் பேசுகிறவனை அவர் வாழ்நாளில் நம்பியதில்லை.

போர்ட் எலிசபெத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மகன் லுந்தி அனுப்பி வைத்தது. ஒரு கன்று வாங்குகிற விலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லும். மணி சொல்லும், மழை வருமா வராதா என்று சொல்லும், பாட்டுப் போடும், யார் பெயரைச் சொன்னாலும் போன் போட்டுக் கொடுக்கும். இந்தக் கடைசி வேலைக்காகத்தான் லுந்தி அதை வாங்கினான். போன குளிர்காலத்தில் ஒருநாள் காலையில் மலுங்கிசா உடம்பில் சர்க்கரை இறங்கி, மாட்டுப்பட்டி ஓரமாக விழுந்து கிடந்தார். சாணி அள்ள வந்த மருமகள் நோபாந்துதான் பார்த்தாள். அவள் அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால், மிச்ச வேலையை உறைபனி பார்த்திருக்கும்.

இப்போது நோபாந்துவுக்கு உம்டாட்டா நகரத்து நர்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். கடைக்காரனும் அதே வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வான்.

"பெட்டி உங்களுக்கு ஒத்து வருதுன்னா அவ போகட்டும்ப்பா," என்றான் லுந்தி போனில். "ஒத்து வரலேன்னா..."

"ஒத்து வரலேன்னா?"

"உங்களைத் தனியா எப்படி விடறது? அவ இருக்க வேண்டியதுதான்."

ஆக, மலுங்கிசா பெட்டி வேண்டும் என்று சொன்னால் மருமகள் போவாள், வேண்டாம் என்று சொன்னால் இருப்பாள். நோபாந்து தன் வாயால் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்கச் சோளமும் பீன்ஸும் குழைந்து வெந்து, சூடு ஆறாமல் அவர் முன்னால் வந்தது. தட்டை வைக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

பெட்டிக்கு எல்சி என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னால்தான் காது கொடுக்கும்.

"இந்த வீட்டுக்குப் புதுசா யார் வந்தாலும் நாமதான் பேர் வைப்போம்," என்றார் மலுங்கிசா. "இவ என்னடான்னா பேரோட வந்து எறங்கியிருக்கா. நாம போய் இவ பேரைப் பழகிக்கணுமாம்."

நோபாந்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவளுக்கும் அவர்தான் பெயர் வைத்தார். கல்யாணமாகி வந்ததும் நீளப் பாவாடையும் தலைத்துணியுமாக அவளை உட்கார வைத்து, நோபாந்து என்று பேரிட்ட நாளோடு, அவள் அப்பா வீட்டுப் பெயர் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. இந்த வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. அவளும் மாமனார் பெயரைச் சொல்வதில்லை. வெளி ஆளிடம் சொல்ல வேண்டி வந்தால் லுந்தியோட அப்பா என்பாள். அவர் முன்னால் அப்பா என்பாள், அதோடு சரி.

"எல்சின்னு, நான் வேலை பாத்த வெல்கம் தங்கச் சுரங்கத்துல எங்களை மேய்ச்ச கேப்டனோட பொண்டாட்டி பேரு. அவ கையில ஒரு நாய் இருக்கும். எங்களைவிட நல்லாச் சாப்பிடும்."

"இது சாப்பிடாதுப்பா."

"கரண்ட் சாப்பிடுதே. தெனம் சாயங்காலம் கரண்ட் போகுது. அப்ப என்ன செய்யும்?"

"உள்ளே பேட்டரி இருக்குப்பா. கொஞ்ச நேரம் தாங்கும்."

அன்று சாயங்காலம் கரண்ட் போனது. பெட்டி கொஞ்ச நேரம்தான் தாங்கியது. அப்புறம் விளக்கு அணைந்து கல்லாகக் கிடந்தது.

"ஓய்வெடுக்குதுப்பா," என்றாள் நோபாந்து.

"இருட்டுன உடனே தூங்கற காவல்காரன எவன் வேலைக்கு வைப்பான்?"

இப்படித்தான் ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு சாக்கு வைத்திருந்தாள். அவர் தாய்மொழியில் ஏதாவது கேட்டால் பெட்டி ஆங்கிலத்தில் ஒரு பதில் சொல்லும். "உங்களுக்குக் காலை வணக்கம் சொல்லுதுப்பா" என்பாள். சுரங்கத்தில் கற்ற ஆங்கிலம் அவரிடம் கொஞ்சம் மிச்சமிருந்தது. நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை என்றுதான் அது சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். மருமகள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது. எதற்காகச் சொல்கிறாள் என்பதும் தெரிந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டார்.

"கூப்பிடாதப்ப நாம பேசறதையும் கேக்குமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"இல்லப்பா. பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் கேக்கும்."

"நான் கூப்பிட்டேன்னு அதுக்கு எப்படித் தெரியும்? முன்னாடியே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாத்தானே தெரியும்?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு மாட்டு விலை பேசும்போதெல்லாம் மலுங்கிசா எழுந்து வெளியே போய்ப் பேசினார்.

ஆனால் ஒன்றை அவரால் குறை சொல்ல முடியவில்லை. பாட்டு. ஞாயிற்றுக்கிழமை அது ஒரு ஆண்கள் பாட்டுக் குழுவைப் போட்டது. அடிக்குரல் வந்தபோது மேசை மேலிருந்த டம்ளர் நடுங்கியது. சுரங்க விடுதியில் ஒரு கூடம் நிறைய ஆட்கள் நின்று பாடினால் வயிற்றுக்குள் ஒரு அதிர்வு வரும். அதே அதிர்வு. அவருடைய பழைய ரேடியோ இத்தனை வருஷமும் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பாட்டு முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "சத்தம் நல்லாத்தான் இருக்கு," என்றார். நோபாந்துவின் முகம் மலர்ந்தது. உடனே, "சத்தம் வந்து என்னைத் தூக்கி நிறுத்துமா?" என்றும் சேர்த்துச் சொன்னார்.

கற்றாழை வேலிக்கு அந்தப் பக்கம் மாபேலே இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளைகள் கேப்டவுனில். அவள் ஆடுகள் இவர் சோளத்தில் மேய்ந்த வகையில் இரண்டு பேருக்கும் பழைய தகராறு உண்டு. பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திட்ட முடியாதே. அடிக்குரல் வேலி தாண்டிப் போயிருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையிலேயே வந்து நின்றாள்.

"என்னய்யா ஜோலா, வீட்டுக்குள்ள ஒரு கோயிலையே பூட்டி வச்சிருக்கே?" அவர் குலப் பெயரைச் சொல்லித்தான் அவள் கூப்பிடுவாள்.

"மகன் அனுப்பிச்சான். நான் விழுந்தா ஆளக் கூப்பிடுமாம்."

"இவ்வளவு பெரிய பானைய அனுப்பினவன் கூடவே குடிக்க ஏதாவது அனுப்பியிருக்கலாம்." மாபேலே பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். ஈஸ்ட் லண்டனில் வெள்ளைக்காரர் சமையலறைகளில் இருபது வருஷம் இருந்தவள், ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வரும். ஏதோ கேட்டாள். பெட்டி உடனே பதில் சொன்னது. இரண்டும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டன. மலுங்கிசாவுக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன சொல்லுது?"

"நாளைக்கு வெயிலாம். உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல. பயப்படாதே."

செவ்வாயும் புதனும் போயின. நோபாந்து துணிகளைத் துவைத்து மடித்து வைத்தாள். எங்கேயும் போகப்போவதாகச் சொல்லவில்லை, ஆனால் மடித்து வைத்தாள். மலுங்கிசா அதைப் பார்த்தார். மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்த்துவிட்டு மட்டும் வாங்க மாட்டான். ஏரில் பூட்டி ஒரு சால் ஓட்டிப் பார்ப்பான். வியாழக்கிழமை அவர் பெட்டியை ஏரில் பூட்டினார்.

"நீ கீழே கடைக்குப் போ," என்று நோபாந்துவிடம் சொன்னார். "போனைக் கையில வச்சிக்க. நான் இங்க விழறேன். இது உன்னைக் கூப்பிடுதான்னு பாப்போம்."

"நிஜமாவா விழப்போறீங்க?"

"பாய் போட்டுத்தான் விழுவேன். போ."

மாபேலேவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது என்பது பேச்சு. மலுங்கிசா பாயில் படுத்தார். மண் தரையின் குளிர் பாய் வழியாக முதுகில் ஏறியது.

"எல்சி! நோபாந்துவுக்குப் போன் போடு!" என்றார் சுரங்க ஆங்கிலத்தில்.

பெட்டியின் தலையில் ஒரு வெளிச்சம் சுற்றியது. "மன்னிக்கவும். நோபாந்து என்ற பெயரில் உங்கள் தொடர்புகளில் யாரும் இல்லை."

"என் மருமகளை இல்லேங்குது!"

மாபேலே தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தாள். வாய் திறக்கவில்லை.

"எல்சி! நோ-பாந்-து!"

"மன்னிக்கவும். நோபாந்து என்ற பெயரில் யாரும் இல்லை. வேறு யாரையாவது அழைக்கட்டுமா?"

மலுங்கிசா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மெல்லப் புரிந்தது. பெட்டிக்குள் பெயர்களை ஏற்றியவன் லுந்தி. லுந்திக்கு அவள் பெண்டாட்டி. தான் காதலித்த பெண்ணின் பெயரைத்தான் போட்டிருப்பான், அப்பா வைத்த பெயரைப் போட்டிருக்க மாட்டான். அந்தப் பெயர் மலுங்கிசாவுக்கும் தெரியும். பெண் கேட்டுப் போன நாளில் அவள் பெரியப்பா வாயிலிருந்து கேட்டது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மாமனார் வாயால் அந்தப் பெயர் வந்தால், உன் வீட்டுக்குப் போ என்றுதான் இந்தப் பக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

"எழுந்துக்கோ ஜோலா. முதுகு பிடிச்சுக்கும்," என்றாள் மாபேலே.

"சும்மா இரு. சோதனை முடியல." இருமி, தொண்டையைச் சரி செய்துகொண்டார். "எல்சி. ஸிமாஸாவுக்குப் போன் போடு."

"ஸிமாஸாவை அழைக்கிறேன்."

மணி அடித்தது. நோபாந்து எடுத்தாள். "அப்பா?" என்றாள். அறை முழுக்க அவள் குரல் கேட்டது. பெட்டியின் அடிக்குரலில் அவள் வேறு யாரோ பெரிய மனுஷி மாதிரி இருந்தாள்.

"போன் வந்துடுச்சு. வீட்டுக்கு வா," என்றார்.

மூச்சிரைக்க ஓடி வந்தாள். நடந்ததை மாபேலே ஒன்று விடாமல் சொன்னாள். எந்தப் பெயரைச் சொன்னார் என்பதையும் சொன்னாள். நோபாந்து கையிலிருந்த சர்க்கரைப் பையை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இயந்திரத்துகிட்டதான் சொன்னேன். உன்கிட்ட இல்ல," என்றார் மலுங்கிசா.

"தெரியும்ப்பா."

உடனே போனை எடுத்துப் பெயரை மாற்ற உட்கார்ந்தாள். தன் பெயரை நோபாந்து என்று மாற்றிவிட்டாள். மாற்றியது செல்ல வேண்டுமானால், பெட்டிக்குச் சொந்தக்காரராகப் பதிந்திருந்த மாமனார் பெயரை வாயால் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்று பெட்டி கேட்டது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.

"லுந்தியோட அப்பா," என்றாள்.

"மன்னிக்கவும். அந்தப் பெயர் பொருந்தவில்லை."

"எங்க வீட்டுப் பெரியவர்."

"மன்னிக்கவும்."

மாபேலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மலுங்கிசா!" என்று கத்தினாள். "மலுங்கிசா, மலுங்கிசா, மலுங்கிசா! எனக்கு இவரு மாமனாரா என்ன? போதுமா எல்சி?"

"உறுதி செய்யப்பட்டது. நன்றி."

"பாத்தீங்களாப்பா? சரியாயிடுச்சு," என்றாள் நோபாந்து. "சின்ன விஷயம்தான். உங்க பேருக்குப் பதிலா அப்பான்னு போட்டுடலாம். இனிமே எல்லாம் சரியா வேலை செய்யும்." அவரைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மாபேலே சிரிப்பை நிறுத்தினாள். "ஒண்ணு கேக்கறேன் ஜோலா. குளிர்காலத்துல விழுந்தியே. அப்ப என்ன பேசினே?"

"எங்க பேசினேன். நாக்கு மரக்கட்டையாயிடுச்சு."

"அப்பறம் இதை யாரு பேர் சொல்லிக் கூப்பிடறது? கூப்பிடாத வரைக்கும் இது பானைதானே?"

நோபாந்து சர்க்கரைப் பையைப் பிரித்து டப்பாவில் கொட்ட ஆரம்பித்தாள். டப்பா நிறைந்த பிறகும் கொட்டினாள்.

சாயங்காலம் மலுங்கிசா மாட்டுப்பட்டிக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். பெட்டி பேசுகிறவனுக்குத்தான் உதவும். விழுந்தவனுக்கு உதவாது. அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் மருமகள் போய்விடலாம். அவள் போன பிறகு ஒருநாள் அவர் விழுந்து கிடந்தால், வாழ்நாள் பூராவும் அவள்தான் அதைச் சுமப்பாள். வேண்டாம் என்று உண்மையைச் சொன்னால் அவள் இங்கேயே சாணி அள்ளுவாள். அவருக்குச் சோறு வரும், சூடாக வரும். அது வேண்டும் என்றுதான் மனசின் ஒரு பக்கம் சொன்னது. அந்தப் பக்கத்தையும் அவர் நம்பவில்லை.

லுந்தி இரண்டு மாட்டை ஒரே நுகத்தில் பூட்டிவிட்டான். தப்பு அங்கேதான். பெட்டி நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி. அவள் போக வேண்டுமா வேண்டாமா என்பது வேறு கேள்வி. அவிழ்த்துவிட்டால் இரண்டும் தனித்தனியாக நடக்கும். ஆனால் அவிழ்ப்பதற்கு ஒரு ஆளிடம் போய் நின்று கேட்க வேண்டியிருந்தது. யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்றுதானே இந்த மாதிரிப் பெட்டிகளை ஜனங்கள் வாங்குகிறார்கள் என்று அவருக்கு அப்போது தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் வேலியைச் சுற்றிக்கொண்டு, வாசல் வழியாகவே மாபேலே வீட்டுக்குப் போனார். அவள் மாட்டுப்பட்டி ஓரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் பால் கறந்துகொண்டிருந்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு மாட்டைக் கறந்து முடித்தாள்.

"ஆட்டைப் பத்திப் பேச வந்தியா?"

"இல்ல. மருமக படிக்கப் போறா."

"பெட்டி?"

"பெட்டி ஆகாது. நீ சொன்னது சரி." இதைச் சொல்ல அவருக்குத் தொப்பியை இரண்டு முறை திருப்ப வேண்டியிருந்தது. "தெனம் காலையில நான் உசுரோட இருக்கேனான்னு ஒரு ஆள் பாக்கணும்."

"அந்த ஆள் நானா?"

"வேலிக்கு இந்தப் பக்கம் வேற யாரு இருக்கா?"

"இது கேக்கற லட்சணமா?"

மலுங்கிசா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பாத்துக்கோ மாபேலே. கேக்கறேன்," என்றார்.

அவள் வாளியை ஓரம் வைத்து, கையைப் பாவாடையில் துடைத்தாள். "எனக்கு என்ன குடுப்பே?"

"சோளக் கொல்லையில ஒரு துண்டு உழுது தர்றேன்."

"உன் உழவு வேணாம். கோணல் கோணலா இருக்கும். அந்தப் பெட்டியக் குடு."

"பெட்டியா?"

"பாட்டு கேட்டா மாடு நிறையப் பால் குடுக்குமாம். ரேடியோவுல சொன்னான்."

"மாட்டுக்கா கேக்கறே?"

"மாட்டுக்குத்தான். வேற யாருக்கு?" என்று வேறு பக்கம் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாக, அவள் வீட்டு மேசை மேல் ஒரே ஒரு டம்ளர்தான் தெரிந்தது. "நான் ஏன் தெனம் வேலியச் சுத்தி நடக்கணும்? காலையில கறந்து முடிச்சதும் எல்சிகிட்ட சொல்லுவேன், ஜோலாவக் கூப்பிடுன்னு. உன் பாக்கெட்டுல இருக்கற போன் அடிக்கும். எடுத்தேன்னா சரி. எடுக்கலேன்னா வர்றேன்."

மலுங்கிசா இதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஓட்டை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினார். அகப்படவில்லை. விழுந்தவன் கூப்பிட வேண்டியதில்லை. நிற்கிறவள் கூப்பிடுவாள். பெட்டி அதே பெட்டிதான், உட்கார்கிற இடம்தான் தப்பாக இருந்தது.

லுந்தி போனில் குதித்தான். "அப்பா! அது உங்களுக்குன்னு வாங்கினது!"

"எனக்குத்தான் வேலை செய்யப்போகுது. எங்க உக்காந்து செஞ்சா உனக்கென்ன?"

"கடையில திருப்பிக் குடுத்தாலாவது..."

"திருப்பிக் குடுக்காதே. அவ கூலி அது. நீ வாங்கினதை நான் நல்ல விலைக்கு வித்திருக்கேன். உன் பொண்டாட்டிகிட்ட குடுக்கறேன், பேசு."

நோபாந்து போனை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். லுந்தியோடு பேசி முடித்த கையோடு கல்லூரிக்கும் அவளே போன் போட்டாள். மலுங்கிசா சன்னல் வழியாகப் பார்த்தார். பேசி முடித்த பிறகும் அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை டாக்ஸி வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. மாத்திரை எங்கே இருக்கிறது, சர்க்கரை இறங்கினால் குடிக்கிற பாகு எங்கே இருக்கிறது, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே ஏறினாள். "காது இருக்கு, போ," என்றார் அவர்.

திங்கட்கிழமை பொழுது விடிந்தது. மலுங்கிசா அடுப்பு மூட்டி, கூழ் குடித்து, மாத்திரை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உடம்பு நன்றாக இருந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

வெளியே கற்றாழை முறிகிற சத்தம் கேட்டது. மாபேலே வாசலைச் சுற்றி வரவில்லை. வேலியைப் பிளந்துகொண்டு வந்தாள். ஒரு கால் செருப்பு இல்லை. பாவாடையில் முள். கையில் பாகுப் புட்டி. கதவைத் தள்ளித் திறந்தாள். அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்து அவளைப் பார்த்தார்.

"ஏன் எடுக்கல?" மூச்சு வாங்கியது அவளுக்கு.

"வர்றியான்னு பாத்தேன்."

மாபேலேவுக்குத் தெரிந்த எல்லா வசவும் வெளியே வந்தது. ஈஸ்ட் லண்டனில் கற்றதும் வந்தது. அவர் அப்பாவையும் அவர் மாடுகளையும் விட்டுவைக்கவில்லை. மலுங்கிசா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். அவள் ஓய்ந்ததும் எழுந்து, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு, முள்ளை எடு," என்றார். "நாளையிலேருந்து எடுக்கறேன்."